மூன்று வரியைக் கூட்டினால் 17 கிலோ வந்தது ஏன்? அட்டவணை ஃபைலைச் சின்ன ஸ்கிரிப்டால் பிரிப்பது பற்றி

தம்பி, மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இலங்கையின் கிழக்கே சம்மாந்துறைப் பக்கம் ஒரு நெல் ஆலையில் கணக்குப் பார்க்கிறீர்கள். லொறியோடு நிறுக்கிற தராசுக்குப் பக்கத்தில் இருக்கும் கணினியில் ஒரு பழைய மென்பொருள். அது அன்றைய கொள்வனவை பிரிண்டருக்கு அனுப்பும். அதையே டெக்ஸ்ட் ஃபைலாகச் சேமித்து, லினக்ஸ் லப்டொப்பில், டெக்ஸ்டை வரி வரியாகப் படித்துப் பிரிக்கும் ஆக் கட்டளையால் எட்டாவது சொல்லைக் கூட்டியிருக்கிறீர்கள். 6,628.50 வர வேண்டிய இடத்தில் 17 வந்திருக்கிறது. பெரும்போக வேளாண்மை வெட்டு தொடங்கினால் ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம் வரும், அதற்குள் வகை வாரியாகக் கிலோ எடுக்க ஒரு வழி வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் அனுப்பிய மாதிரி இது. பெயர்களை எடுத்துவிட்டு 'விவசாயி' என்று போட்டு அனுப்பியது நல்ல வேலை.

இல | பெயர் | ஊர் | வகை | மூடை | ஈரம் | கிலோ
1041 | அ. விவசாயி | மல்வத்தை | நாடு | 38 | 14.2 | 2,546.00
1042 | எம். ஐ. எம். விவசாயி | 12ஆம் கொலனி | கீரி சம்பா | 42 | | 2,772.50
1043 | விவசாயி | மத்திய முகாம் | சிவப்பு நாடு | 20 | 15.0 | 1,310.00

உங்கள் ஃபைலில் நடுவில் கோடு இல்லை, வெறும் இடைவெளிதான். இங்கே எது எந்தக் கொலம் என்று தெரியட்டும் என்று நான்தான் கோடு போட்டேன்.

முதலில் 17 எப்படி வந்தது என்று பார்ப்போம். ஆக் 1977இல் பெல் ஆய்வகத்தில் ஆஹோ, வைன்பெர்கர், கெர்னிகன் என்ற மூவர் எழுதியது. மூவரின் பெயர் முதலெழுத்துகளே அதன் பெயர். வேறு எதுவும் சொல்லாவிட்டால், எத்தனை இடைவெளி தொடர்ந்து வந்தாலும் அதை ஒரே பிரிப்பாக எடுத்துக்கொண்டு வரியைச் சொல் சொல்லாக வெட்டும். 1041ஆம் வரியில் எட்டாவது சொல் '2,546.00'. 1042இல் மூன்று இனிஷியலும் தனித்தனிச் சொல்லாகி, ஊர்ப் பெயரும் இரண்டாகி, எட்டாவது இடத்தில் 'கீரி' நிற்கிறது. 1043இல் அந்த இடத்தில் ஈரப்பதம் 15.0. சரி, இதைக் கூட்டினால் பிழை என்று நிற்க வேண்டாமா? ஆக் நிற்காது. எண் வேண்டிய இடத்தில் சொல் வந்தால், அதன் தொடக்கத்தில் எண் போலத் தெரிகிற பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளும். '2,546.00' என்பதில் காற்புள்ளியோடு நின்றுவிடும், ஆகவே 2. 'கீரி' என்பதில் எண் இல்லை, ஆகவே 0. அப்புறம் 15. மொத்தம் 17.

17 என்று வந்ததே உங்கள் அதிர்ஷ்டம். ஆறாவது சொல்லை மூடை என்று நினைத்துக் கூட்டிப் பாருங்கள்: முதல் வரியில் 38, இரண்டாவதில் '12ஆம்' என்ற சொல் 12 ஆகிவிடும், மூன்றாவதில் 'நாடு' 0. மொத்தம் 50 மூடை. உண்மை 100. 50 என்பது பார்க்க நியாயமான எண். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். கல்லோயா நீர்ப்பாசனக் குடியேற்றத் திட்டத்துக் கொலனிகளின் பெயர் எண்ணில் தொடங்குவதால் இந்தப் பொறி நம் பக்கத்துக் கணக்குகளில் அடிக்கடி விழும்.

அதனால் இந்த வேலைக்குப் பைத்தான் என்ற நிரல் மொழியையே எடுக்கச் சொல்வேன். ஆக் மோசமானது என்பதற்காக அல்ல. தினமும் நானும் அதைப் பயன்படுத்துகிறேன். பைத்தானில் 'கீரி' என்பதை எண்ணாக மாற்றச் சொன்னால் அது மறுத்து, ஸ்கிரிப்டை அந்த வரியிலேயே நிறுத்தும். '2,546.00' என்றாலும் நிறுத்தும். காற்புள்ளியை நீங்களே எடுத்துக் கொடுக்க வேண்டும். காசு சம்பந்தப்பட்ட இடத்தில் பிழையான எண்ணைப் பேசாமல் தருகிற ஸ்கிரிப்டை விட, சத்தம் போட்டு நிற்கிற ஸ்கிரிப்ட்தான் வேண்டும்.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு கேள்வி. அந்த மென்பொருளில் பிரிண்ட் தவிர வேறு வாசல் இல்லையா? எக்செல், சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த டெக்ஸ்ட்) என்று எந்த மெனுவிலாவது இருக்கிறதா என்று ஒருமுறை முழுதாகத் தேடுங்கள். பிரிண்டருக்குப் போகும் அட்டவணை கண்ணுக்காகச் செய்தது. இன்னொரு ஸ்கிரிப்ட் அதைப் படிக்கும் என்று அதை எழுதியவர் நினைத்திருக்க மாட்டார். லினக்ஸ் கட்டளைகளிலும் இதே கதைதான். டிஸ்க் விபரத்துக்கு எல்எஸ்பிஎல்கே கட்டளையின் அழகான மரப்படத்தைப் பிரிக்க முயல்வார்கள். அதே கட்டளையிடம், நிரல்கள் எளிதாகப் படிக்கும் ஜேசன் வடிவம் கேட்டால் தந்துவிடும். டிஸ்க்கில் மிச்ச இடம் காட்டும் டிஎஃப் கட்டளையிடம் போசிக்ஸ் என்ற பொதுத்தர வடிவம் கேட்டால் ஒவ்வொரு டிஸ்க்கும் ஒரே வரியில்தான் வரும் என்று உறுதி. ஓடும் நிரல்களைக் காட்டும் பிஎஸ் கட்டளையில் வேண்டிய கொலத்தை மட்டும், தலைப்பு இல்லாமலே கேட்கலாம். கேட்டால் கிடைப்பதைப் பிரித்து எடுக்கத் தேவையில்லை.

வேறு வாசல் இல்லை என்று வைத்துக்கொள்வோம்.

சொல் எண்ணிப் பிரிப்பதற்கு ஒரு சின்னத் திருத்தம் உண்டு: வலப்பக்கம் இருந்து எண்ணுவது. பெயரிலும் ஊரிலும் எத்தனை சொல் வந்தாலும் கடைசிச் சொல் எப்போதும் கிலோதான். மொத்தக் கிலோ மட்டும் போதும் என்றால், காற்புள்ளியை நீக்கிவிட்டு வரியின் கடைசிச் சொல்லைக் கூட்டினால் ஆக்கிலேயே வேலை முடிந்தது. பைத்தானில் ஆர்ஸ்ப்ளிட் என்று ஒன்று இருக்கிறது. வலப்பக்கம் இருந்து இத்தனை வெட்டு மட்டும் போடு என்று சொல்லலாம். ஆனால் உங்கள் 1042ஆம் வரியைப் பாருங்கள், ஈரம் எழுதவில்லை. வலப்பக்கம் இருந்து எண்ணினால் 42 ஈரப்பதமாகிவிடும், மூடை என்ற இடத்துக்குச் 'சம்பா' வரும். வெற்றுக் கட்டம் வரக்கூடிய அட்டவணையில் இடம் இருந்தும் எண்ண முடியாது, வலம் இருந்தும் எண்ண முடியாது.

'இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இடைவெளி வந்தால் மட்டும் வெட்டு' என்ற யோசனையையும் பலர் சொல்வார்கள். 'கீரி சம்பா' ஒன்றாக நிற்கும், நல்லதுதான். பெயர் நீண்டு கொலத்தை நிரப்பி, அடுத்த கொலத்துக்கு முன் ஒற்றை இடைவெளி மட்டும் மிஞ்சும் நாளில் பெயரும் ஊரும் ஒட்டிக்கொள்ளும். வெற்றுக் கட்டப் பிரச்சினை அப்படியே இருக்கும். அவசரத்துக்குச் சரி, தினக் கணக்குக்கு வேண்டாம்.

ஆகவே சொற்களை விட்டுவிட்டு இடத்தைப் பிடிக்க வேண்டும். இந்த வகை அறிக்கைகளில் தலைப்புக்குக் கீழே சிறு கோடுகளால் ஒரு வரி இருக்கும். உங்கள் ஃபைலிலும் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிதான் அடிமட்டம். ஒவ்வொரு கோட்டுத் தொகுதியும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பைத்தானின் ரீ மொடியூலில் (டெக்ஸ்டில் வடிவங்களைத் தேடும் துணைத் தொகுப்பு) உள்ள ஃபைண்ட்இட்டரைக் கொண்டு எடுத்துக்கொண்டால், ஒவ்வொரு வரியையும் அதே இடங்களில் வெட்டலாம். வெற்றுக் கட்டம் வெற்றாகவே வரும். தலைப்புச் சொற்களை அடிமட்டமாக எடுக்காதீர்கள்: 'கிலோ' என்ற சொல் தொடங்கும் இடத்துக்கு முன்னாலேயே '2,772.50' தொடங்கியிருக்கலாம், ஏனென்றால் எண்கள் வலப்பக்கம் ஒட்டி நிற்கும். அதே காரணத்தால் எண் கொலங்களை வெட்டும்போது, முந்தைய கொலம் முடிந்த இடத்தில் இருந்து இந்தக் கொலம் முடியும் இடம் வரை எடுங்கள். பெரிய எண் வந்தால் இடப்பக்கம்தான் வழியும்.

கோட்டு வரி இல்லாத அட்டவணைக்கு, பாண்டாஸ் என்ற பைத்தான் அட்டவணைத் தொகுப்பில் ரீட் எஃப்டபிள்யூஎஃப் என்று ஒரு வசதி இருக்கிறது. எந்த இடம் எல்லா வரியிலும் வெற்றாக இருக்கிறதோ அதைக் கொலத்தின் எல்லை என்று ஊகிக்கும். முதல் 100 வரியைப் பார்த்துத்தான் ஊகிக்கும். 101ஆவது வரியில் நீண்ட பெயர் வந்தால் அது பொறுப்பில்லை.

இனித்தான் உண்மையான சிக்கல். இதுவரை சொன்னது எல்லா மொழிக்கும் பொருந்தும்; ஆங்கிலத்தில் எழுதிய விளக்கங்கள் அனேகமாக இங்கேயே நின்றுவிடும். உங்கள் அட்டவணை தமிழில் இருக்கிறது. 'இத்தனையாவது இடம்' என்றால் எதை எண்ணுவது?

'மட்டக்களப்பு' என்று எழுதினால் கண்ணுக்கு 8 எழுத்து. யூனிகோட் குறிகளாக எண்ணினால் 12, ஏனென்றால் புள்ளியும் உகரக் குறியும் தனித்தனிக் குறிகள். அந்தக் குறிகளை பைட்டாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறை ஃபைலில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட், ஆகவே 36 பைட். 'மல்வத்தை' என்றால் 5, 8, 24. இந்த மூன்று அளவில் எதைக் கொண்டு உங்கள் மென்பொருள் இடைவெளி நிரப்பியது என்பது அதை எழுதியவருக்குத்தான் தெரியும். அவர் பைட்டை எண்ணி நிரப்பியிருந்தால், நீங்கள் குறியை எண்ணி வெட்டினால் எல்லாக் கொலமும் நகர்ந்துவிடும். திரையில் அட்டவணை கோணலாகத் தெரிவதும் இதனால்தான். திரையை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். எழுத்துருவுக்கு எழுத்துரு, டெர்மினலுக்கு டெர்மினல் மாறும்.

எந்த அளவு என்று கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. உங்கள் அட்டவணையில் கடைசிக் கொலம் கிலோ, அது வலப்பக்கம் ஒட்டி நிற்கிறது. எனவே மென்பொருள் எந்த அளவில் எண்ணியதோ, அந்த அளவில் எல்லாத் தரவு வரிகளும் ஒரே நீளமாக இருக்க வேண்டும். ஐந்தாறு வரியை எடுங்கள். கடைசியில் இருக்கும் வரி முறிவுக் குறியை நீக்குங்கள். ஃபைலை பைட்டாகத் திறந்து ஒருமுறை நீளம் பாருங்கள், டெக்ஸ்டாகத் திறந்து ஒருமுறை பாருங்கள். எதில் நீளம் மாறாமல் நிற்கிறதோ அதுதான் அளவு. இரண்டிலும் மாறினால், கண்ணுக்குத் தெரியும் எழுத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். பைத்தானோடு வரும் ரீ மொடியூலில் அது இல்லை, ரெஜெக்ஸ் என்று தனியாக நிறுவும் மொடியூலில் பெரிய எக்ஸ் குறியைக் கேட்டால் 'பு', 'ட்' போன்றவற்றை ஒவ்வொன்றாகத் தரும்.

பைட்தான் அளவு என்று தெரிந்தால், பைட்டிலேயே வெட்டிவிட்டு அப்புறம் ஒவ்வொரு துண்டையும் டெக்ஸ்டாக மாற்றுங்கள். வெட்டு ஒரு குறியின் பைட்டுகளுக்கு நடுவில் விழுந்தால் பைத்தான் உடனே பிழை சொல்லும். அது நமக்கு வேண்டியதுதான். ஒரே விதிவிலக்கு பெயர்க் கொலம். நீண்ட பெயரை மென்பொருளே 20 பைட்டில் துண்டித்திருந்தால் கடைசிக் குறி பாதியாக இருக்கலாம். அந்தக் கொலத்துக்கு மட்டும் உடைந்த குறியை மாற்றிப்போட அனுமதி கொடுங்கள், மற்றக் கொலங்களுக்குக் கொடுக்காதீர்கள்.

ஆக், கட் கட்டளைகளிலேயே வேலையை முடிக்க ஆசை என்றால் ஒன்று கவனியுங்கள். உபுண்டு, டெபியன் கணினிகள் பலவற்றில் ஆக் என்று கூப்பிட்டால் வருவது அதன் ஒரு வகையான மாவ்க். அது பொதுவாக பைட்டைத்தான் எண்ணும். காவ்க் என்ற இன்னொரு வகையை நிறுவினால், லொகேல் (கணினியின் மொழி அமைப்பு) யுடிஎஃப்-8 ஆக இருக்கும்போது குறியை எண்ணும். கட் கட்டளையில் 'எழுத்து' என்று கேட்டாலும் பல லினக்ஸ் கணினிகளில் கிடைப்பது பைட். ஒரே கட்டளை உங்கள் லப்டொப்பில் ஒரு விடையும் ஆலைக் கணினியில் இன்னொரு விடையும் தருவதற்கு இது போதும்.

இன்னொன்று, ஊர் வாரியாகவும் பிரிக்க நினைத்தால். 'கொக்கட்டிச்சோலை' என்பதை 15 குறியிலும் எழுதலாம், 17 குறியிலும் எழுதலாம். 'கொ'வில் உள்ள ஒகரக் குறி ஒரே குறியாகவும் இருக்கலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் இருக்கலாம், 'சோ'விலும் அப்படியே. திரையில் வித்தியாசம் தெரியாது, கணக்கில் இரண்டு ஊராக வரும். யூனிகோட்டேட்டா மொடியூலில் நோர்மலைஸ் என்பதை, பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்குப் போட்டால் ஒன்றாகும். ஆனால் வெட்டி முடித்த பிறகுதான் இதைச் செய்ய வேண்டும். முழு வரிக்கும் முதலிலேயே போட்டால் வரியின் நீளம் மாறி, அடிமட்டம் பொருந்தாமல் போகும். 'மத்திய முகாம்', 'மத்தியமுகாம்' என்று இரண்டு விதமாக அடித்திருப்பதை மட்டும் எந்த மொடியூலும் சேர்க்காது. அதற்கு நீங்களே ஒரு சின்னப் பட்டியல் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பழைய வருடக் கணக்கும் வேண்டும் என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்ததாக இருந்தால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. பாமினி ஃபைலில் உள்ளே இருப்பது ஆங்கில விசைகள். எழுத்துருதான் அதைத் தமிழாகக் காட்டுகிறது. ஒரு விசைக்கு ஒரு பைட் என்பதால் கொலம் வெட்டுவது சுகம். ஆனால் பாமினியில் காற்புள்ளி விசை 'இ' என்ற எழுத்து, அரைப்புள்ளி விசை மெய்யெழுத்தின் புள்ளி. அந்த ஃபைலைக் காற்புள்ளியால் பிரித்த சிஎஸ்வி என்று நினைத்துத் திறந்தால் 'இறக்காமம்' முதல் எழுத்தை இழந்து அடுத்த கொலத்துக்குப் போய்விடும். அரைப்புள்ளியால் பிரித்தால் ஒவ்வொரு மெய்யெழுத்திலும் வரி உடையும். கிலோவில் உள்ள காற்புள்ளியை நீக்குகிறேன் என்று முழு வரியிலும் நீக்கினால் எல்லா 'இ'யும் போய்விடும். ஆகவே அங்கே முதலில் இடத்தால் வெட்டுங்கள், பெயர், ஊர், வகை மூன்றை மட்டும் யூனிகோட்டுக்கு மாற்றுங்கள், எண் கொலங்களில் மட்டும் காற்புள்ளியை நீக்குங்கள்.

இனி ஸ்கிரிப்ட். பைத்தானில் முப்பது வரிக்குள் வரும், ஓட்டம் இதுதான்:

ஃபைலை பைட்டாகத் திற
ஒவ்வொரு வரியாக எடு, கடைசி முறிவுக் குறியை நீக்கு
வரி முழுதும் சிறு கோடும் இடைவெளியும் மட்டுமானால் அதை அடிமட்டமாக வை, அடுத்த வரிக்குப் போ
அடிமட்டம் இன்னும் கிடைக்கவில்லை என்றால் அடுத்த வரிக்குப் போ
அடிமட்டத்தின்படி ஏழு துண்டாக வெட்டு
முதல் துண்டு முழு எண்ணானால்: வகையையும் கிலோவையும் எடு, வகையின் கணக்கில் கிலோவைச் சேர்
வரி 'பக்க மொத்தம்' என்று தொடங்கினால்: அதில் உள்ள எண்ணை எடுத்து, இந்தப் பக்கத்தில் நாம் கூட்டியதோடு ஒப்பிடு, ஒத்துவராவிட்டால் பக்க எண்ணைச் சொல்லி நில்
முதல் துண்டு வெற்றாகவும் பெயர்த் துண்டில் ஏதாவதும் இருந்தால்: முந்தைய வரியின் பெயர் மடிந்து வந்திருக்கிறது, அதோடு சேர்
வேறு எதுவானாலும்: வரியைத் தனியாக எழுதி வை

பக்கத்துக்குப் பக்கம் தலைப்பும் ஆலையின் பெயரும் திரும்பத் திரும்ப வருவது பற்றிக் கவலை வேண்டாம்; முதல் துண்டு எண் இல்லை என்றால் அவை தாமாகவே ஒதுங்கும். ஆனால் பேசாமல் தூக்கி எறியாமல், 'எனக்குப் புரியாத வரிகள்' என்று இன்னொரு ஃபைலில் எழுதி வையுங்கள். முதல் வாரம் அதைத் தினமும் திறந்து பாருங்கள். மென்பொருள் செய்யும் எல்லாக் கோணங்கித்தனமும் அங்கேதான் தெரியவரும்.

பக்க மொத்தத்தோடு ஒப்பிடும் வரியை வெட்டிவிடாதீர்கள். முழு ஸ்கிரிப்டிலும் எனக்குப் பிடித்த இடம் அதுதான். அச்சடித்த அட்டவணையைப் பலர் குறை சொல்வார்கள், ஆனால் அதில் விடையும் சேர்ந்தே வருகிறது: மென்பொருள் தானாகக் கூட்டிய மொத்தம். கொலம் நகர்ந்தாலும், காற்புள்ளி தவறினாலும், ஒரு வரி விடுபட்டாலும் அந்த ஒரு ஒப்பீட்டில் பிடிபடும். மூடைக்கும் மொத்தம் இருந்தால் அதையும் ஒப்பிடுங்கள். கூட்டுவதற்கு ஃப்ளோட் (பைத்தானின் வழக்கமான தசம எண் வகை) வேண்டாம், டெசிமல் மொடியூலைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் கணக்குச் சரியாக இருந்தும் தசமத்தின் கடைசியில் ஒரு துளி வித்தியாசம் வந்து ஸ்கிரிப்ட் வீணாக நிற்கும்.

சிறு பொறிகள் இரண்டு. ஃபைலை நோட்பேடில் திறந்து சேமித்திருந்தால் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட் குறி சேர்ந்திருக்கலாம், சில வேளை முழு ஃபைலுமே யுடிஎஃப்-16 ஆகியிருக்கலாம். நோட்பேடில் திறக்காமல் நேரடியாக நகல் எடுங்கள். பக்க முடிவில் பிரிண்டருக்கான தாள் தள்ளும் குறி இருக்கும். டெக்ஸ்டில் ஸ்ப்ளிட்லைன்ஸ் பயன்படுத்தினால் அதையும் வரி முறிவாக எடுத்துக்கொள்ளும். ஃபைலை பைட்டாகத் திறந்து வரி வரியாகப் படித்தால் அப்படி வெட்டாது. ஆனால் அந்தக் குறி அடுத்த பக்கத்தின் முதல் வரி தொடக்கத்தில் ஒட்டியிருக்கும், வெட்டுவதற்கு முன் நீக்கிவிடுங்கள்.

எந்த அளவிலும் நீளம் ஒத்துவரவில்லை, மென்பொருள் மனம் போனபடி நிரப்பியிருக்கிறது என்றால் கடைசி வழி ஒன்று உண்டு. ஆலை வாங்கும் வகைகள் ஐந்தாறுதானே? அந்தப் பெயர்களை வரியில் நேரடியாகத் தேடுங்கள். நீளமானதை முதலில் தேட வேண்டும், இல்லாவிட்டால் 'சிவப்பு நாடு' எல்லாம் 'நாடு' கணக்கில் விழும், 'கீரி சம்பா' 'சம்பா'வில் விழும். கிலோ கடைசிச் சொல். இவ்வளவு போதும் உங்கள் தேவைக்கு, பக்க மொத்தத்தோடு ஒப்பிடுவதை மட்டும் விடாமல்.

அதிலும் சிக்கினால் நீள அளவுகளையும் நான்கைந்து வரிகளையும் அனுப்புங்கள். படமாக வேண்டாம், ஃபைலாகவே அனுப்புங்கள். படத்தில் பைட்டை எண்ண முடியாது.